தெய்வானை அக்கா வீட்டுத் தண்ணீர்

என் பிரியமுள்ள தெய்வானை அக்காவுக்கு,

போன வாரம் பதுளைக்கு வந்தேன். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு ஏறி, லயத்து வரிசையில் உங்கள் வீட்டு வாசலிலும் நின்றேன். நீங்கள் இல்லை என்று தெரிந்துதான் வந்தேன். தெரிந்து வந்தால் வலிக்காது என்று நினைத்தது என் மடத்தனம்.

என்னை நினைவிருக்கிறதா? நான்கு வருடத்துக்கு முன், வெள்ளைச் சட்டையும் டையுமாக, மோர்மன் வேதத்தைக் கையில் பிடித்தபடி உங்கள் மலைக்கு ஏறி வந்த இரண்டு பேரில் கறுப்பன் நான். மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். கூட வந்தவன் அமெரிக்காக்காரன், கார்ட்டர். இருவருக்கும் பத்தொன்பது வயது. சட்டையில் குத்தியிருந்த பெயருக்கு முன்னால் 'எல்டர்' என்று போட்டிருக்கும். மூப்பர் என்று அர்த்தம் சொன்னேன். "மீசையே மொளைக்கல, அதுக்குள்ள மூப்பராக்கும்!" என்று இடுப்பில் கைவைத்துச் சிரித்தீர்கள்.

அந்த ஊழியத்தில் சந்தோஷமே இல்லை என்று சொன்னால் பொய். காலில் அட்டை ஏறிக் கார்ட்டர் குதித்த குதியும், நீங்கள் ஓடிவந்து சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டதும், அவன் பயபக்தியோடு "நன்றி அக்காள் அவர்களே" என்றதும் லயமே சிரித்ததும் இன்னும் கண்ணுக்குள் இருக்கின்றன. மற்ற நாளெல்லாம் மழை, சாத்திய கதவு, வீட்டு நினைப்பு. அம்மாவின் குரலைக் கேட்டு மாதக்கணக்காகியிருக்கும். அந்த வருடம் முழுவதும் ஒருவர்கூட எங்கள் சபையில் சேரவில்லை. எல்லோரும் வாசலோடு அனுப்பினார்கள். உள்ளே வந்து உட்காரச் சொன்னது நீங்கள் ஒருவர்தான்.

முதல் நாளே என் பூர்வீகத்தைக் கேட்டீர்கள். துறையூர்ப் பக்கம் என்றேன்.

"அடி ஆத்தே, எங்க தாத்தாவும் அங்கிட்டுத்தான்! எந்த ஊரு? எந்தத் தெரு?"

நான் பெருமையாகத் தெருவையும் சொன்னேன். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரிதானே? உங்கள் ஆட்கள் செருப்புப் போட்டு நடக்க முடியாத தெரு அது. உங்கள் குரல் இறங்கிவிட்டது; அதிலேயே நீங்கள் யார் என்று எனக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் அடுப்பை மூட்டித் தேத்தண்ணி போட்டீர்கள்.

தேயிலை எங்கள் மதத்தில் விலக்கு. கார்ட்டர் தட்டுத் தடுமாறி அதை விளக்கினான். "தேயிலத் தோட்டத்துக்கு வந்து தேத்தண்ணி வேணாங்கிறீங்களா? நல்ல சாமி ஒங்க சாமி!" என்று கேலி செய்தீர்களே தவிரக் கோபப்படவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, இரண்டு டம்ளரில் கொண்டுவந்தீர்கள். அதற்கு எந்த விலக்கும் கிடையாது. கார்ட்டர் மடமடவென்று குடித்தான்.

நான், "தாகமில்லக்கா" என்றேன்.

இரண்டு மைல் மலையேறி வந்தவன் நான். சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. நாக்கு வறண்டிருந்தது. கடல் தாண்டிப் போயும், மலேசியாவில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் உங்கள் ஆட்களுக்கென்று ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்ந்திருக்கும். அதைப் பார்த்து வளர்ந்த கை, நீளவில்லை. நாம் எல்லோரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று ஐந்து நிமிடத்துக்கு முன்தான் உங்களுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். வெட்கமாக இருக்கிறது அக்கா.

அதன் பிறகு வாராவாரம் வந்தோம். கார்ட்டருக்கு ஒரு டம்ளர் வரும். எனக்கு நீங்கள் மறுபடி நீட்டவே இல்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு மட்டும் கொழும்புக்கு மாற்றல் வந்த அன்று, கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஓடிவந்தேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். "அக்கா, எங்க மதத்துல தேத்தண்ணி..." என்று ஆரம்பித்ததுமே நிறுத்திவிட்டீர்கள்.

"தெரியும் தம்பி. தேத்தண்ணி குடிக்காதது ஒங்க சாமிக்காக. தண்ணி குடிக்காதது யாருக்காக?"

உங்கள் கூடைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. கேட்டிருக்கலாம். அந்த இடத்திலேயே வாங்கிக் குடித்திருக்கலாம்.

"சரி, போயிட்டு வாங்க" என்று கூடையைத் தூக்கிக்கொண்டீர்கள்.

அடுத்த மழையில் சரிவில் வழுக்கி விழுந்து, மூன்று நாள் கிடந்து நீங்கள் போய்விட்டதாகக் கார்ட்டர் எழுதினான். உங்களுக்கு நான் எழுதத் தொடங்கிய கடிதம் அப்போது என் பெட்டியில் பாதியில் இருந்தது.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். உங்கள் மகள் செல்வி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். தோட்டத்தில் பேர் பதிந்து, உங்கள் கூடையைத்தான் சுமக்கிறாள். அவளை எப்படியாவது படிக்க வைக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். உங்கள் வீட்டுக்காரர் மாரியப்பன் அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டது. குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார்.

"அண்ணே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

செல்வி டம்ளரை எடுத்தாள். அண்ணன், "வையி தாயி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கீழ பீலியில வருது தம்பி. அங்க போயிக் குடிங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அசதியாகச் சொன்னார்.

லயத்துக்குக் கீழே மலைத் தண்ணீர் கொட்டும் அந்தப் பீலிக்குப் போனேன். இரண்டு கையையும் குவித்துக் குடித்தேன். எங்கள் தெருவில் உங்கள் தாத்தாவும் இப்படித்தான் குடித்திருப்பார். நிமிர்ந்து பார்த்தபோது உங்கள் வீட்டு வாசலில் யாரும் இல்லை.

இறந்தபின் எல்லோரும் மறுமையில் சந்திப்போம் என்று உங்களுக்குச் சொன்னவன் நான். இப்போது அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. எந்த முகத்தோடு உங்கள் முன் வருவேன்?

மன்னிப்புக் கேட்கும் காலம் போய்விட்டது. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இனி யார் கேட்டாலும், மதம் தடுத்தது என்று சொல்லமாட்டேன். எனக்குத் தாகம் இருந்தது அக்கா. இருந்தும் குடிக்கவில்லை என்றே சொல்வேன்.

நீங்கள் தம்பி என்று கூப்பிட்டும்
தம்பியாக வரத் தெரியாத,
குமரேசன்