பாகல் என்று நீ சொன்ன கொடி

என் செல்ல அண்ணா,

உன்மேல் எனக்குக் கோபம். இந்த வீட்டில் எல்லோர் மேலும் கோபம். அம்மாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

நேற்று நீ செத்த எட்டாம் நாள், உன் எட்டுச் செலவு. உனக்குப் பிடித்த புட்டும் நண்டுக் கறியும் இலையில் படைத்தோம். மாமா கடைப் பியர் ரின் இரண்டைக் கொண்டுவந்து உன் படத்தின் முன் வைத்தார். "விரும்பிக் குடிச்சவன் தானே." கடைப் பியரை நீ எப்போது குடித்தாய்? இந்த டென்மார்க் ஊர் ஹேர்னிங்கின் வேலியோரங்களில் தானாய்ப் படரும் ஹும்லேக் கொடியைத் தேடி, பியருக்குப் போடும் அதன் கசப்புப் பூவைப் பறித்து நீயே காய்ச்சியதில் அரைக் கோப்பை குடிப்பாய். அதையும் மணந்து மணந்து பார்த்துத்தான்.

நல்ல மணமுள்ள கொடியொன்றின் வேரைப் பின்வளவில் நட்டுவிட்டு, "டெனிஸ் பாகல்" என்று அம்மாவிடம் ஏன் பொய் சொன்னாய்? நானும் ஓம் என்று தலையாட்டினேன். இரண்டு கோடை அம்மா அதற்குத் தண்ணீர் ஊற்றி, காய் வருமென்று பார்த்திருந்தா.

நேற்றுச் சாப்பிட்டபின் வந்தவர்களில் ஒருவர், அம்மா பாகலென்று காட்டிய கொடியைப் பியர்க் கொடி என்று அடையாளம் கண்டுவிட்டார். "பாகலிலை பியர் காய்ச்ச உவன் ஒருத்தனாலைதான் ஏலும்." எல்லோரும் சிரித்தார்கள்.

"வெறியிலைதான் சைக்கிள் ஓடியிருப்பான்," என்றார் மாமா. "சனிக்கிழமை வந்து இதை வேரோடை கிண்டி எறியிறன்."

விபத்து நடந்த அன்று நீ பறித்த பூப்பையை முதுகில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்துகொண்டிருந்தாய். சந்தியில் திரும்பிய கார்தான் உன்னைப் பார்க்கவில்லை. உன் இரத்தத்தில் மது துளியும் இல்லை என்று பொலிஸ் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னது நான். மாமா அப்படிச் சொன்னபோதும் அம்மா அதைச் சொல்லாமல் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றா. பிறகு குசினியில் என் கையை இறுக்கிப் பிடித்தா.

"கதைச்சா இன்னும் கதை வளரும் பிள்ளை. வாயைப் பொத்திக்கொண்டு இரு."

சிரிப்பவர்களுக்குப் பயந்து நீ வெறியில் செத்தவனாகவே இருக்க வேண்டுமா? ஒளித்துக் காய்ச்சினாய், இப்போது ஒளித்துக் குடித்தவன் ஆகிவிட்டாய். முதலே உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன?

எனக்கு மாமாவைப் பயம். அவர் குரல் உயர்ந்தால் எனக்குத் தமிழ் வராது, டெனிஸ்தான் வரும். அதனால் இப்போதே பாடமாக்குகிறேன். சனிக்கிழமை அவர் மண்வெட்டியோடு வரும்போது கொடிக்கு முன்னால் நிற்பேன். "அண்ணா குடிச்சிருக்கேல்லை மாமா. பொலிஸ் சொன்னது. அம்மாவைக் கேளுங்கோ."

அம்மா என்ன சொல்லுவா என்று தெரியாது. ஆனாலும் சொல்லுவேன், எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவேன்.

உன்னோடு சேர்ந்து பொய் சொன்ன
உன் ஒரே தங்கச்சி