வயிற்றில் வைத்த கை

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று பிரசவ அறையில் தூங்கிவிட்டேன். இன்னொரு நர்ஸ் லீவு. நேற்றிரவு தொடங்கிய டியூட்டி இன்று மாலைவரை நீண்டது. வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறதென்று பார்க்க, கோமதியின் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள், இரண்டாவது பிரசவம். அப்படியே கட்டில் விளிம்பில் தலை சாய்ந்துவிட்டது.

அவள்தான் தோளைத் தட்டினாள்.

“ரெண்டு வலி வந்துட்டுப் போயிருச்சுங்க சிஸ்டர். எழுப்ப மனசு வரலீங்க, பல்லக் கடிச்சுட்டு இருந்தனுங்க. இது தாங்க முடியலீங்க.”

பாவி, கத்தித் தொலைத்திருக்க வேண்டாமா? குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால்... நல்லபடியாகப் பிறந்தது. பெண். தூங்கிவிட்டதை டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

கிளம்பும் முன் கோமதியைப் பார்க்கப் போனேன். பிள்ளையைச் சுவரோரம் நகர்த்தி, கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.

“செத்த நேரம் படுங்க சாமி. நான் முழிச்சுட்டுத்தான் இருக்கறேன், பாத்துக்கறனுங்க.”

இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் படுத்திருப்பேன். ஓடி வந்துவிட்டேன்.

இப்போது என் கட்டில், என் தலையணை. தூக்கம்தான் வரவில்லை.