பத்து விரல் ரேகை

பாப்பா அப்பாவுக்கு,

நான் நல்லாத்தான் இருக்கேன். உங்க முதுகுவலி தேவலையா? கண் ஆபரேஷன் ஆன அத்தைக்குச் சொட்டு மருந்து வேளா வேளைக்கு விடுறீங்களா?

நான் வேலை பார்க்குற குழந்தைகள் காப்பகத்துக்கு லைசென்ஸ் புதுப்பிக்கணும்னு அதிகாரியம்மா வந்தாங்க. பயப்பட ஒண்ணுமில்லை. வேலை செய்யுற எல்லாரோட கைரேகையும் எடுத்து, போலீஸ்ல கேஸ் இருக்கான்னு பார்ப்பாங்க. என் ரேகை மட்டும் மெஷின்ல விழவே இல்லை. பிள்ளைங்களைக் கழுவிக் கழுவி விரல் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "முந்தி எங்கே வேலை பார்த்தே? ஏன் விட்டே?"ன்னு துருவித் துருவிக் கேட்டாங்க. மூணாவது தடவைதான் ரேகை விழுந்துச்சு. அதுவரைக்கும் தூங்குற குழந்தைக்குப் போர்த்திவிடக்கூட விடலை. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு.

அப்புறம் நீங்க அனுப்பின போட்டோவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பாப்பாவுக்கு நேர்வகிடு எடுத்து இறுக்கி ரெட்டைப் பின்னல். உங்களுக்குப் பின்னல் சுட்டுப்போட்டாலும் வராது. அத்தைக்கோ இன்னும் கண் சரியாத் தெரியாது. பகல்ல பார்த்துக்க ஒருத்தங்க வர்றாங்கன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்களே, யாரு அவங்க? யாரு சொல்லிச் சேர்த்தீங்க? போன்ல கேட்டா அவங்க காதுல விழும், அதான் எழுதுறேன்.

கோவிச்சுக்காதீங்க. பாப்பாவோட சட்டை ஒண்ணு அனுப்புங்க. துவைக்க வேண்டாம்.

யார் வீட்டுப் பிள்ளைக்கோ போர்த்திவிட என் பத்து விரலையும் கேட்டாங்க. என் பிள்ளைக்குத் தலைவாரி விடுறவங்க பேருகூட எனக்குத் தெரியலை.

பிள்ளைங்க முழிச்சிடுச்சுங்க, போறேன்.

பாப்பா அம்மா