கடைச் சத்தத்தில் ஒரு 'டிக்'

ஜூலை 14, செவ்வாய். கிள்ளான், மலேசியா.

தூக்கம் வரவில்லை. நாளை மீட்டிங்கில் நான் பேச வேண்டும், வெறும் இன்டர்ன் நான்.

இன்சுலின் பேனாவை அழுத்தினால், மருந்து முழுதாக இறங்கியதும் 'டிக்' என்று கேட்க வேண்டும். பேனா தயாரிக்கும் எங்கள் கம்பெனி லேப்பில் சோதித்த எல்லாப் பேனாவும் பாஸ். அங்கே ஈ பறந்தாலும் கேட்கும். "யாருண்ணே லேப்ல உக்காந்து ஊசி போடுறா? சாப்பாட்டுக் கடையிலதான போடுறாங்க" என்றேன். என்னைக் கவனிக்கும் இன்ஜினியர் குமரன் அண்ணன் சிரித்தார்.

மதியம் வாழையிலைக் கடைக்கு ஊசியில்லாத டம்மி பேனாவை எடுத்து வந்தார். தட்டுச் சத்தம், டிவி, ஆர்டர் கத்தல். அவர் காதருகே அழுத்தினேன்.

"ம், அழுத்து."

"அழுத்தியாச்சுண்ணே."

அண்ணனின் சிரிப்பு நின்றது. "நாளைக்கு மேனேஜர்கிட்ட நீயே சொல்லு லா."

டிசைன் ஏற்கெனவே முடிவாகிவிட்டதாம். மேனேஜருக்குக் கோபம் வரலாம். வரட்டும், நான் சொல்வது சரி.

வெளியில் சாப்பிடும்போது அப்பா ஊசி போட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் அம்மாவிடம் "எறங்கிருச்சா?" என்று கேட்பார். நாளை போனில் பதிந்துவைத்த கடைச் சத்தத்தை ஓடவிட்டு, பேனாவை அழுத்திவிட்டு, மேனேஜரிடம் நானும் அதையேதான் கேட்கப்போகிறேன்.