மூட்டைக்குப் பதிலாக நான்

12.03.2010, வெள்ளி இரவு

கூடப்பிறந்த மூத்தவள், என் லாத்தாவும் அவள் புருசன் மச்சானும் பிக்கப் வண்டி வாங்குகிறார்கள். நாவிதன்வெளி வயலுக்கு நெல் சூடடிக்கும் மெஷினை இழுத்துப் போகவாம். நாலு இடம் பார்த்து வண்டியைத் தெரிந்து கொடுத்தது என் வீட்டுக்காரர்.

காசு கொடுக்கும் முன் இன்று ஓட்டிப் பார்த்தோம். மெஷினைப் பின்னால் கொளுவி, நெல் மூட்டைகளையும் என் வீட்டுக்காரரே ஏற்றினார். "இழுத்தா மட்டும் காணாது, மேல ஏத்துற பாரத்தையும் தாங்கோணும்" என்றார். ஒரு மூட்டை குறைந்தது. என்னைப் பார்த்து, "நீ ஏறி இரி புள்ள" என்றார்.

லாத்தா புது அபாயாவோடு முன் சீட்டில் இருந்தாள். நான் பின்னால், மூட்டைகளோடு மூட்டையாக. ஒவ்வொரு குழியிலும் வண்டியின் பின்பக்கம் தரையில் இடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு தடவைகூட இடிக்கவில்லை. அவ்வளவு நல்ல வண்டியாகத் தெரிந்து கொடுத்திருக்கிறார், பாவி மனிசன்.