வெள்ளை நாய் என்று நாம் ஒட்டிய நோட்டீஸ்

அடியே,

இன்று காலை எங்கள் தெருக்காரர்களின் செல்போன் குழுவில் ஒரு நாய்ப் படம் வந்தது. 'கண்டெடுத்தோம். கழுத்தில் சிவப்புப் பட்டை, இடது காதில் வெட்டு, வால் நுனி கறுப்பு. உரியவர் வந்து அழைத்துப் போகவும்.' எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அத்தனை அடையாளத்தையும் ஊருக்கே சொல்லிவிட்டால், வருகிறவன் உரியவன்தானா என்று எதை வைத்துக் கேட்பதாம்? வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "யார திட்டுற?" என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். திட்டியது நானில்லை, நீ. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. இன்னும் என் வாயில் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசுகிறாய்.

விருத்தாசலத்துப் பீங்கான் கொட்டகையில் நாம் இருவரும் கரண்டு ப்யூஸ் கட்டைகளின் ஓரப் பிசிறைச் சீவிக்கொண்டிருந்தோமே, அந்தக் காலம். இரண்டாயிரத்துச் சொச்சம். நம்மிடம் செல்போன் கிடையாது. பீங்கானைப் பொதிந்து அனுப்ப லாரியில் வைக்கோல் வரும். அப்படி வைக்கோல் இறக்கிய மறுநாள் காலை, களிமண் பவுடர் குவியலில் ஒரு நாய் சுருண்டு கிடந்தது.

"எவங்க வூட்டுதோ, பாவம், தேடிக்கிட்டு இருப்பாங்க" என்றாய். அதற்கப்புறம் மூன்று நாள் உன் ஆட்சிதான். முதலில் தண்ணீரும் சோறும். பிறகு லாரி டிரைவரிடம் விசாரணை. சேத்தியாத்தோப்புப் பக்கம் ஏற்றிய லோடு என்றார். அப்புறம் நோட்டீஸ். "ஆளுங்க நிக்கிற எடத்துல ஒட்டணும்டி, நடக்குற எடத்துல ஒட்டுனா எவன் படிப்பான்?" என்று பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடைகளிலும் ஒட்டவைத்தாய். 'வெள்ளை நாய்' என்று மட்டும்தான் எழுத விட்டாய். பின்னங்காலில் ஒரு நகம் இல்லாததை வருகிறவர் சொல்ல வேண்டுமாம். பெயரையும் கண்டுபிடிக்கப் பார்த்தோம். மணி, ராஜா, ஜிம்மி... கையில் சோறு இருந்தால் எல்லாப் பெயருக்கும் வாலாட்டியது.

மூன்றாம் நாள் நீ டீ குடிக்கப் போயிருந்த நேரம். நாய் சூளைக்குப் பின்னால் கட்டிக் கிடந்தது. வாசலில் ஒருவர் வந்து நின்றார்.

"வைக்கோல் லாரியில செவல நாய் ஒண்ணு வந்துச்சுங்களாம்மா?"

தலையைக்கூடத் தூக்காமல், "இல்லீங்க, இங்க இருக்குறது வெள்ளை" என்றேன்.

அவர் வாத்து மேய்ப்பவர். அறுப்பு முடிந்த வயல்களில் வாத்துகளை மேயவிட்டு ஊர் ஊராகப் போகிறவர். "சேத்தியாத்தோப்பு பாலத்தாண்ட தங்கி இருக்குறோம். நாளைக்கு விடிஞ்சதும் தஞ்சாவூர் பக்கம் போயிடுவோம்மா. ஒருவேள வந்துச்சுன்னா..." என்றவர், முடிக்காமலே போய்விட்டார்.

மத்தியானம் நீ நாயைக் குளிப்பாட்டினாய். சொந்தக்காரரிடம் சுத்தமாகக் கொடுக்க வேண்டுமே! "ஐயையோ, இங்க வாடி!" என்ற உன் கூச்சலுக்கு ஓடி வந்தால், குழாயடியில் பால் பாலாகத் தண்ணீர் ஓடுகிறது, நடுவில் நிற்கிறது ஒரு செவலை நாய். மூன்று ராத்திரியும் அந்த வெள்ளைப் பவுடர் குவியலில்தானே படுத்திருந்தது! சாயங்காலம் குளிக்கும்வரை நாமே வெள்ளையாகத்தான் திரிவோம், நமக்கு எங்கே தெரியும்? வந்தவரைப் பற்றிச் சொல்லி அழுதுவிட்டேன். நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. மேஸ்திரியிடம் நம் இருவருக்கும் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்தாய்.

"நாயெல்லாம் ஏத்த முடியாதும்மா" என்றார் கண்டக்டர்.

"நாளைக்கு அவரு ஊரு மாறிடுவாருண்ணே. அப்புறம் எந்த அட்ரஸ்ல போயித் தேடுறது?"

அவர் நாயைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "கடைசி சீட்டு, காலுக்கடியில வச்சுக்க. கொரைச்சா எறக்கி வுட்டுடுவேன்." அது குரைக்கவே இல்லை. வழி நெடுக அதற்கு ஊர்க்கதை சொல்லி வந்த உன்னைத்தான் அவர் இரண்டு தரம் அதட்டினார்.

பாலத்தடியில் வாத்துக் கூண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நாய் கயிற்றை அறுக்காத குறையாக இழுத்துப் போய் அவர் மேல் பாய்ந்தது. அவர் அதைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நீயோ, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அடையாளம் சொல்லுங்க" என்று கேட்டாய் பார்! நாய் அவர் மூஞ்சியை நக்கிக்கொண்டிருக்கிறது, உனக்கு அடையாளம்! அவர் அழுதுகொண்டே, "பின்னங்கால்ல ஒரு நகம் இருக்காதும்மா. கூண்டுல மாட்டிக்கிச்சு" என்றார். அப்புறம்தான் கயிற்றை விட்டாய்.

என்னை நிமிர்ந்து பார்த்த அவர், "இல்லன்னு சொன்னீங்களேம்மா" என்றார். "நாங்க சரியா பாக்கலீங்க" என்று நீ முந்திக்கொண்டாய்.

திரும்பும் பஸ்ஸில், "இல்லன்னு சொன்னது நான்தானே?" என்று கேட்டேன். "மூணு நாளா அதுக்குச் சோறு போட்டவ நான். நானும் வெள்ளைன்னுதானே நெனச்சேன்?" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாய்.

இப்போதும் வாசலில் யாராவது வந்து, பூனையோ சாவியோ, ஏதோ ஒன்றைத் தேடிக் கேட்பார்கள். இல்லையென்று எனக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். முழங்கால் வேறு வலிக்கும். இருந்தாலும், "செத்த இருங்க" என்று எழுந்து போய் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் இல்லை என்கிறேன்.