சம்பந்திக்கு வாங்கும் கம்பு

என் செல்ல வாலுக்கு அப்பா எழுதுகிறேன். இங்கே உன் அம்மா சுகம், நான் சுகம், மாடிப்படிக்குக் கீழே ஒழுகிக்கொண்டிருந்த குழாய்கூட இந்த வாரம் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே அதேபோல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பென்சிலைச் சீவினேன். இதை எழுதுவது நானேதான், வேறு யாரும் இல்லை. போன கடிதமும் நானே எழுதியதுதான், யார் எழுதிக் கொடுத்தது என்று நீ கேலி செய்தாயே, இந்தக் கோணல் எழுத்தைக் காசு கொடுத்தா எழுதச் சொல்வார்கள்? நூலகத்தில் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் வகுப்பு நடக்கிறது. சொல்லிக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற தபால்காரர். நாற்பது வருஷம் அடுத்தவர் கடிதத்தைச் சுமந்தவர், இப்போது தன் எழுபத்தோரு வயதில் எனக்குக் கடிதம் எழுதக் கற்றுத்தருகிறார். நான் பென்சிலைப் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு, ஐயா அது பென்சில்தான், மீன் இழுத்துக்கிட்டு ஓடாது, கொஞ்சம் லேசாப் பிடிங்க என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். எனக்குப் பிடித்த எழுத்து ழு. எழுதும்போது முள்ளில் கோத்த புழு நெளிகிற மாதிரியே இருக்கிறது. ஒரு நாள் ஒரு பக்கம் முழுக்க அதையே எழுதினேன். முப்பத்திரண்டு வருஷம் தூண்டில் கடையில் நின்றவன், மீன் பிடிக்கிற கம்பின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததே இல்லை என்று இப்போது நினைத்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. வளைத்துப் பார்ப்பேன், கையில் தூக்கிப் பார்ப்பேன், அவ்வளவுதான். எனக்கு எல்லாம் மனப்பாடம் என்று முதலாளி கடைசிவரை நம்பினார்.

படிக்கத் தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா, அலமாரி மேலே இருக்கிற தகர டப்பாவை இறக்கி, மூன்று வருஷமாக நீ எழுதின கடிதத்தை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். எல்லாம் உன் அம்மா எனக்கு வாசித்துக் காட்டினதுதான், இருந்தாலும் என் கண்ணால் பார்க்க ஆசை. ஒரு கடிதத்துக்கு ஒரு நாள் ஆனது. அப்போதுதான் பூனைக்குட்டி வெளியே வந்தது. உன் அம்மா வாசிக்கும்போது நடுநடுவே இருமுவாள், தண்ணீர் குடிப்பாள், பக்கத்தைத் திருப்புவாள். பாவம், இவளுக்கு நெஞ்சு சரியில்லை என்று மருந்துகூட வாங்கி வந்தேன். அவள் இருமின இடம் எல்லாம், நீ மாமா மாமா என்று எழுதுகிற சம்பந்தி இருக்கிறார் வாலு. ஞாயிற்றுக்கிழமை மாமாவோட படகுல போனோம். மாமா எனக்குன்னு படகுல தனி நாற்காலி போட்டிருக்காரு. இங்க ஏரியில பாஸ்னு ஒரு மீன், அது எங்க ஒதுங்கும்னு மாமா சொல்லிக் கொடுத்தாரு என்று எழுதியிருக்கிறாய். மூன்று வருஷமாக ஒரு கடிதம் விடாமல் அவர் இருக்கிறார், எனக்குத்தான் தெரியாது. ஏண்டி இப்படிச் செஞ்சே என்று உன் அம்மாவைக் கேட்டேன். உங்க மூஞ்சியைப் பத்தி எனக்குத் தெரியாதா, ரெண்டு நாள் சாப்பிடாம உக்காந்திருப்பீங்க என்றாள். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லிவிட்டு ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வயிற்றெரிச்சலில் இருக்கும்போதுதான் உன் போட்டோ வந்தது. நல்ல பெரிய பாஸ் மீன், கட்டை விரலை அதன் வாய்க்குள் விட்டுக் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். அந்தப் பிடி நான் சொல்லிக்கொடுத்தது. பழைய கல் குவாரித் தண்ணீரில், உனக்கு எட்டு வயதில், உள்ளங்கை அளவு மீனைப் பிடித்துவிட்டு அதற்கு வலிக்குமே என்று நீ அழுதாய், இப்படிப் பிடித்தால் வலிக்காது என்று காட்டினேன். போட்டோவில் பக்கத்தில் உன் கம்பைப் பிடித்துக்கொண்டு சம்பந்தி நிற்கிறார், தானே அந்த மீனைப் பெற்றெடுத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. உன் அம்மா அதைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினாள். நான் எடுத்துக் காலண்டருக்குப் பின்னால் வைத்தேன். அவள் மறுபடி ஒட்டினாள். இப்போது கதவிலேயே இருக்கிறது, சம்பந்தி முகத்து மேலே மட்டும் நான் மின்சார ரசீதைச் செருகியிருக்கிறேன். அந்த வாரமே அவர் போன் செய்து, நம்ம பொண்ணு ரெண்டு கிலோ மீன் பிடிச்சிருக்கா சம்பந்தி என்றார். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய், ஏற்கெனவே கூராக இருந்த முள்ளை எல்லாம் இன்னொரு தடவை தீட்டினேன். நம்ம பொண்ணாம்.

இப்படி இருக்கும்போது நீ கேட்டு எழுதினாய். மாமாவின் பழைய கம்பு கார் கதவில் மாட்டி ஒடிந்துவிட்டது, மாசக் கடைசியில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார், அன்றைக்குக் கொடுக்க நல்ல கம்பு, ரீல், அதில் சுற்றுகிற நரம்பு, பொய் இரை எல்லாம் வாங்க வேண்டும், அப்பா நீங்கதான் பார்த்துச் சொல்லணும் என்று. வாழ்க்கையில் முதல் தடவையாக நானே பதில் எழுதினேன். உன் அம்மாவிடம் காட்டாமல் நூலகத்தில் உட்கார்ந்து மூன்று நாள் எழுதினேன். வாலு, நான் அதில் எழுதினது அத்தனையும் தப்பு. தெரியாமல் செய்த தப்பு இல்லை, தெரிந்தே செய்தது. ஏழரை அடியில் கெட்டிக் கம்பு வாங்கு, பின்னின தடி நரம்பு போடு, கட்டை விரலால் அழுத்துகிற உருளை ரீல் வாங்கு, கலகலவென்று சத்தம் போடுகிற ஆரஞ்சு நிறப் பெரிய இரையாக எடு என்று எழுதினேனே, அது பாசி மண்டின தண்ணீரில் பெரிய மீனை வேரோடு பிடுங்குகிறவனுக்கு. நீ எழுதியிருக்கிற ஏரியோ அடி தெரிகிற தெளிந்த தண்ணீர். அதில் இந்தக் கம்பைப் போட்டால் கடப்பாரையால் காது குடைகிற மாதிரி இருக்கும். ஒரு மீனும் கிட்டே வராது, அந்த ரீலைப் பழகாத கை தொட்டால் நரம்பு காக்காக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும், அவர் அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நீ மட்டும் பிடிப்பாய் என்று கணக்குப் போட்டேன். அவர் கிரேன் ஓட்டி ஓட்டி வலது தோள் தேய்ந்துபோனவர் என்று நீ எழுதியிருந்ததையும் படித்துவிட்டுத்தான் எழுதினேன். ஒரு வாரம் விசில் அடித்துக்கொண்டு திரிந்தேன்.

போன திங்கள்கிழமை உன் பதில் வந்தது. உன் அம்மா கையை நீட்டினாள், நானே படிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அரை நாள் ஆனது. இது ரொம்பக் கனமா இருக்கும் போலிருக்கே, தோள் தாங்குமான்னு நான் கேட்டேன் அப்பா, அதுக்கு மாமா, உங்கப்பா முப்பத்திரண்டு வருஷம் கம்பு வித்தவரு, அவரு சொன்னா அதுல விஷயம் இருக்கும், வலிச்சாலும் பழகிக்கிறேன்னு சொல்லிட்டாரு என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் நானே இருமினேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இருமல் தொத்திக்கிச்சா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள், அவளுக்கு என்ன தெரியும் எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருத்தனுக்குக்கூட நான் பொருந்தாத கம்பை விற்றதில்லை வாலு. இது உங்களுக்கு வேண்டாம், அதைவிட விலை குறைஞ்சது போதும் என்று சொல்லி முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எழுதக் கற்றுக்கொண்டு முதலில் எழுதின கடிதத்தில் போய் இதைச் செய்தேன். முதல் கோணல் முற்றும் கோணல் ஆகிவிடக் கூடாது. அதனால்தான் அன்று சாயங்காலமே போன் செய்து, அடுத்த கடிதம் வர்ற வரைக்கும் கடைக்குப் போகாதே என்றேன். ஏன்ப்பா ஏன்ப்பா என்றாய். உன் அம்மா பக்கத்தில் நின்றாள், பல் வலிக்குது என்று வைத்துவிட்டேன். பல் நன்றாகத்தான் இருக்கிறது. போனில் சொல்லியிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பேன், எழுத்தில் செய்ததை எழுத்தில்தான் திருத்த வேண்டும்.

இப்போது சொல்வதை நம்பி வாங்கு. கம்பு ஏழு அடிக்குக் கொஞ்சம் குறைவாக, நடுத்தரக் கெட்டி. நுனியைக் கடைக் கூரையில் ஊன்றி மெதுவாக அழுத்திப் பார், வளைவு மேல் பாகத்தோடு நிற்க வேண்டும், கைப்பிடி வரைக்கும் வளைந்தால் வேண்டாம். ரீல் கம்புக்குக் கீழே தொங்குகிற சாதாரண சுழல் ரீல் போதும். ரீலைக் கம்பில் மாட்டச் சொல்லி, ரீலுக்கு முன்னால் உன் ஒரு விரலில் கம்பைத் தாங்கிப் பார். தராசு மாதிரி நேராக நிற்க வேண்டும். நுனி கீழே சாய்ந்தால் அந்தக் கனம் முழுக்க நாளெல்லாம் தோளில்தான் இறங்கும், அவருக்கு அது ஆகாது. கைப்பையில் கொஞ்சம் பஞ்சு எடுத்துப் போ. நரம்பு ஓடுகிற வளையம் ஒவ்வொன்றுக்குள்ளும் பஞ்சைத் தேய்த்துப் பார், எங்கேயாவது பஞ்சு மாட்டினால் அங்கே கீறல் இருக்கிறது, அது நரம்பை அறுத்துவிடும், கடைக்காரன் முகம் சுளித்தாலும் விடாதே, நான் சுளித்ததில்லை. நரம்பு மெல்லிசாக, எட்டு பவுண்டு தாங்குவது. இரையில்தான் ஏமாந்துவிடாதே. கடையில் தொங்குகிற இரையில் பாதி மீனுக்காகச் செய்ததே இல்லை, வாசலில் வருகிற மனுஷனுக்காகச் செய்தது, அந்த மீன்களைத்தான் நான் முப்பத்திரண்டு வருஷம் பிடித்தேன். தெளிந்த தண்ணீருக்குக் கரும்பச்சையிலும் பழுப்பிலும் மெத்தென்ற ரப்பர் புழு ரெண்டு பொட்டலம், சின்ன மீன் மாதிரி மூழ்கி நீந்துகிறது ஒன்று, கரையோரப் பாசிக்கு மேலே தாவவிட ரப்பர் தவளை ஒன்று. ஆரஞ்சு கலங்கின தண்ணீருக்கு, அதைத் தொடாதே. இதைச் சம்பந்தியிடம் எப்படிச் சொல்வாயோ தெரியாது. அப்பா முதல்ல தப்பா எழுதிட்டாராம் என்று சொல். எழுத்துப் பிழை என்று மட்டும் சொல்லாதே, தபால்காரர் மேல் பழி போகும்.

இத்தனையும் எழுதினதால் நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. இதை எழுதும்போதும் எனக்கு எரிகிறது. இந்தக் கம்பு கையில் வந்தால் அவர் நன்றாகத்தான் பிடிப்பார், நீயும் அந்தத் தனி நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுவாய். தட்டு. உன் அம்மாவுக்கு முழங்கால் தேவலை, நடக்கிறாள், வீட்டில் மூன்று பேர் செய்கிற வேலையை ஒருத்தியே செய்துவிட்டு வலிக்குது என்கிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடு. படகில் ஏறினால் மிதவைச் சட்டை போடாமல் உட்காராதே, ஏரி தெளிவாக இருந்தால் ஆழம் குறைவு என்று அர்த்தம் இல்லை. மாப்பிள்ளைக்கு மீன் வாடையே ஆகாது என்று எழுதியிருந்தாய், அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது என்று சொல். நீங்கள் ரெண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். சம்பந்திக்கு ஓய்வுக் காலம் நல்லபடியாக அமையட்டும், தோள் வலி குறையட்டும், இதையும் நிஜமாகத்தான் எழுதுகிறேன்.

ஒன்றே ஒன்றை மறக்காதே. குவாரியில் உனக்குச் சொல்லிக்கொடுத்த முடிச்சு, ஏழு சுற்று சுற்றி எச்சில் தொட்டு இறுக்குவது, அதைக் கடையில் நான் யாருக்கும் காட்டினதில்லை. சம்பந்திக்கும் கற்றுக்கொடுக்காதே. அவருக்கு இரை கட்ட வேண்டும் என்றால் நரம்பை உன்னிடம் நீட்டட்டும், நீயே கட்டிக் கொடு. அந்த ஏழு சுற்றுக்கு ஆகிற நேரம் மட்டும் நானும் அந்தப் படகில் உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை எட்டு வயதில் அழவைத்த,
உன் அப்பா